கூட்டலுக்கு முன் பெருக்கல் ஏன்?

விருத்தாசலம் பீங்கான் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் தினமும் போடும் கணக்குதான். அகல் விளக்கு டஜன் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 6 டஜன் எடுக்கிறோம். பேக்கிங் கூலி 40 ரூபாய். ஆக 220 என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவோம். இதையே 40 + 6 × 30 என்று எழுதி நம் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். 46-ஐ 30-ஆல் பெருக்கி 1,380 என்று சொன்னாலும் சொல்லும்.

பிள்ளையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. கல்லாவில் கிடக்கும் சாதாரணக் கால்குலேட்டரும், அந்த வரிசையிலேயே தட்டினால், 1,380 என்றுதான் காட்டும். அது தட்டத் தட்டக் கணக்கை முடித்துக்கொண்டே போகும். சயின்டிபிக் கால்குலேட்டரோ 220 என்று சரியாகக் காட்டும்.

பள்ளியில் இதற்கு ‘போட்மாஸ்’ விதி சொல்லித் தருகிறார்கள். பிட்மாஸ் என்றும் சொல்வதுண்டு. அடைப்புக்குறி முதலில், பெருக்கல் வகுத்தல் அடுத்து, கூட்டல் கழித்தல் கடைசியில். பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். காரணம் கேட்டால் விழிப்பார்கள். காரணம் நம் சிட்டையிலேயே இருக்கிறது. 40 என்பது ரூபாய், 6 என்பது டஜன். இரண்டையும் எப்படிக் கூட்டுவது? டஜனை விலையால் பெருக்கி ரூபாயாக்கிய பிறகுதான் கூலியோடு சேர்க்கலாம். டஜனுக்கு 2 ரூபாய் வீதம் கூலி என்றால் கதை வேறு. அப்போது 6 × (30 + 2), அதாவது 192. அடைப்புக்குறியின் வேலை இதுதான்.

எழுத்து வரிசையை அப்படியே நம்புவதிலும் ஒரு வம்பு உண்டு. ‘ஆ’ முன்னால் வருவதால் கூட்டலை முதலில் செய்யவேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஊறுகாய் ஜாடி இருப்பு 100, விற்றது 20, திரும்பி வந்தது 5. 100 - 20 + 5 என்றால் இருப்பு 85. கூட்டலை முதலில் செய்தால் 75 ஆகி, 10 ஜாடி காணாமல் போய்விடும்! வகுத்தலும் பெருக்கலும் இப்படித்தான். 12 கோப்பை 240 ரூபாய் என்றால் 5 கோப்பைக்கு 240 ÷ 12 × 5, அதாவது 100 ரூபாய். பெருக்கலை முதலில் செய்தால் 4 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு நிற்கவேண்டியதுதான். சம அந்தஸ்துள்ள இரண்டு வந்தால் இடமிருந்து வலமாகப் போகவேண்டும்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் பெரியவர்களுக்கும் இந்த வரிசை முக்கியமாகிவிட்டது. 1,000 ரூபாய் சரக்கு, பில்லிலேயே 100 ரூபாய் தள்ளுபடி, வரி 5 சதவீதம் என்று கொள்வோம். தள்ளுபடியைக் கழித்துவிட்டு வரி போட்டால் 945. வரி போட்டுவிட்டுக் கழித்தால் 950. பில்லில் காட்டிய தள்ளுபடிக்கு வரி கிடையாது என்பதுதான் சட்டம். தள்ளுபடியைப் ‘10 சதவீதம்’ என்று வைத்தால் எந்த வரிசையிலும் 945 வரும். ஆனால் கட்டவேண்டிய வரி 45-க்குப் பதில் 50 என்று பில்லில் ஏறிவிடும்.

சாதாரணக் கால்குலேட்டரில் 6 × 30 தட்டி எம் பிளஸ், 40 தட்டி எம் பிளஸ், பிறகு எம்.ஆர். அழுத்தினால் 220 வரும். அடுத்த பில்லுக்கு முன் மெமரியை அழித்துவிடுங்கள்.