ஆடும் அலமாரிக்குப் பொறுப்பு யார்?

அட்டைப்பெட்டியில் தனித்தனிப் பாகங்களாக வந்து வீட்டிலேயே பொருத்தப்படும் அலமாரி, கட்டில், புத்தக அடுக்கு போன்ற அறைகலன்களில் திருகாணி தளர்வது சிறு தொந்தரவாகவே கருதப்படுகிறது; ஆனால் அது பலகையின் வலுவின்மையையோ, பொருத்தியதில் நேர்ந்த பிழையையோ, விற்றவர் ஏற்க வேண்டிய குறைபாட்டையோ காட்டும் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், முடுக்குவதற்கு முன் காரணத்தை அறிவது அவசியம்.

இவ்வகை அறைகலன்கள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு எனப்படும் பலகையால் ஆனவை. மரச்சில்லுகளையும் மரத்தூளையும் பிசினுடன் சேர்த்து வெப்பத்தில் அழுத்திச் செய்யப்படும் இப்பலகையில், தேக்கில் இருப்பதுபோல் திருகாணியின் புரிகளைப் பற்றிக்கொள்ளும் நீண்ட நார்கள் இல்லை. ஆகவே ஒரே துளையில் திருகாணியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் துளையின் ஓரம் சிறிது உதிர்கிறது. சென்னையில் சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தெருக்களில், ஈரக்காற்று மேலுறை ஒட்டப்படாத வெட்டுமுனைகள் வழியே பலகைக்குள் புகுந்து அதை உப்பச் செய்ய, உப்புக்காற்று திருகாணியின் துத்தநாகப் பூச்சை அரிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலோ நீரில் நின்று உப்பிய பலகை, காய்ந்த பின்னும் பழைய வலுவைப் பெறுவதில்லை. அதில் புதிய திருகாணியை ஏற்றுவது ஆபத்தை மறைப்பதாகவே முடியும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் பின்பலகை. மெல்லிய தகடுபோல் இருப்பதால் அலங்காரத்துக்கானது என்று எண்ணப்படும் இந்தப் பாகமே அலமாரி பக்கவாட்டில் சாயாமல் தடுப்பது. அதன் ஆணிகள் கழன்றுவிட்டால் முழுச் சுமையும் மூலைத் திருகாணிகளின் மீது விழுவதால், அவற்றை எத்தனை முறை முடுக்கினாலும் சில வாரங்களில் ஆட்டம் திரும்பிவிடுகிறது. முன்பக்கத்தின் எதிரெதிர் மூலைகளை நாடாவால் குறுக்காக அளந்து, இரு அளவுகளும் சமமாகும்வரை சட்டத்தை நேராக்கிய பிறகே பின்பலகையை அறைய வேண்டும். தரை சமமற்றதாக இருந்தால் காலுக்கடியில் ஆப்பு வைப்பதும், இடம் மாற்றும்போது இழுக்காமல் பொருள்களை எடுத்துவிட்டு இருவராகத் தூக்குவதும் தளர்வைப் பெருமளவு குறைக்கும்.

முடுக்கும்போது கருவியும் பொருந்த வேண்டும். கூட்டல்குறி வடிவத் தலையின் நடுவே மெல்லிய நான்கு கோடுகள் கூடுதலாகத் தெரிந்தால் அது போசிட்ரிவ் வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் வழுக்கித் தலையை மழுக்கிவிடும். கேம் லாக் எனப்படும், துளைக்குள் சுழன்று எதிர்ப்பலகையின் முளையைக் கவ்வி இழுக்கும் வட்டப் பூட்டு, சுமார் அரைச்சுற்றில் இறுகிவிடும். அதற்கு மேல் வலிந்து திருப்பினால் பலகையின் ஓரம் பெயர்ந்துவிடும். அகன்றுபோன துளையில், மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, ஒருநாள் உலரவிட்டுத் திருகாணியை மெல்ல ஏற்றலாம். ஆனால் கட்டில் போன்ற சுமைதாங்கும் இணைப்புகளை அனுபவமுள்ள தச்சரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

உயரமான அலமாரியோ இழுப்பறைப் பெட்டியோ முன்புறமாகக் கவிழ்வதுதான் இவற்றில் மிகக் கொடிய ஆபத்து. குழந்தைகள் மீது கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததையடுத்து, 2016 ஜூனில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறைப் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. திருகாணிகள் இறுக்கமாக இருந்தாலும், குழந்தை ஒன்றிரண்டு இழுப்பறைகளைத் திறந்து அவற்றின்மேல் ஏறினால் எடை முன்னோக்கி நகர்ந்துவிடும் என்பதால், சுவரோடு பிணைக்கும் பட்டியைப் பொருத்தியே ஆக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய வீடுகளில், சுவரில் திருகாணியைப் பிடிக்கும் பிளக் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். வாடகை வீட்டில் துளையிட உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுவது நல்லது. குழந்தையின் பாதுகாப்புக்கான இரண்டு துளைகளை மறுக்க எந்த உரிமையாளருக்கும் நியாயமான காரணம் இருக்க முடியாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, இங்கு இரு வழிகளைத் தருகிறது. துளை தவறான இடத்தில் இருப்பது, பாகம் குறைவது, பலகை உதிர்வது ஆகியவை பொருளின் குறைபாடுகள். இவற்றுக்கு மாற்றுப்பொருளோ பணமோ கோரலாம். அலமாரி கவிழ்ந்து காயமோ வேறு உடைமைக்குச் சேதமோ நேர்ந்தால் அது தயாரிப்புப் பொறுப்பு என்னும் தனிப்பிரிவில் வரும். தீங்கைத் தடுக்கப் போதிய பயன்பாட்டுக் குறிப்புகளையோ எச்சரிக்கையையோ தராததற்கும் உற்பத்தியாளர் பொறுப்பாவார். எனினும் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது அல்லது மாற்றியமைக்கப்பட்டது என்ற எதிர்வாதத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. எனவே தீக்குச்சியும் பசையும் துளைக்குள் போகுமுன், குறையைப் படமெடுத்து, ரசீது, குறிப்புத்தாள், பெட்டியின் ஒட்டுச்சீட்டு ஆகியவற்றோடு விற்பனையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

இணையவழி வாங்கியிருந்தால், தளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. அதில் பயனில்லாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், பின்னர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் நாடலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் சென்னையிலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும்.