செம்பு பூக்கும் பச்சைப் பளிங்குகள்: தெரியுமா?

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் தூண்களைப் பார்த்து வியக்காதவர் இல்லை. 1856 இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் புதுக்கிக் கட்டினார். இது கொட்டாஞ்சேனை எங்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தத் திருப்பணி தொடங்குவதற்குச் சற்று முன்புவரை, இராமநாதனின் தாய்மாமன் மகன் இலங்கைத்தீவின் காடு மேடெல்லாம் கல் தேடி நடந்துகொண்டிருந்தார் என்பது தெரியுமா?

அவர் வேறு யாருமல்ல, ஆனந்த குமாரசுவாமி! நடராசர் திருவுருவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கிய அதே கலாயோகிதான். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளர் அவர். செரண்டிபைட் என்ற நீலப்பச்சைக் கனியத்தை உலகுக்கு அறிவித்த இருவரில் ஒருவர். 1904 இல் அவர் கண்டெடுத்த கறுப்புக் கனியம், தோரியனைட் என்ற பெயரில் உலகப் பட்டியலில் ஏறியது. பத்தே வருடம் கழித்து, 1914 இல், கொழும்பு நூதனசாலையின் வெண்கலச் சிலைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. கல்லைப் படித்த கண்தான் பிறகு வெண்கலத்தையும் படித்தது. அந்த வெண்கலங்களின் மேல் படிந்திருந்த பச்சையும், கனியம் சேர்ப்போர் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் போற்றும் பச்சைப் பளிங்கும் நெருங்கிய உறவு என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். செம்பு ஈரத்தோடும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடும் நெடுங்காலம் கூடியிருந்தால் பச்சைக் காபனேற்றாக மாறும். அதன் பெயர் மலக்கைட். அந்தப் பச்சைக் கல்லின் எடையில் ஏறக்குறைய 57 சதவீதம் செம்பு! அதே செம்பைக் கடலுப்பு தொட்டால் வேறொரு பச்சை பிறக்கும். அது அட்டகாமைட், சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்தின் பெயரைத் தாங்கிய கனியம். 1886 இல் செம்புச் செந்நிறத்தோடு திறந்துவைக்கப்பட்ட நியூயோர்க் சுதந்திர தேவி சிலை இன்று பச்சையாக நிற்கிறதே, அந்த மேனிப் பூச்சில் அட்டகாமைட்டும் கலந்திருக்கிறது. துறைமுகத்து உப்புக் காற்றை நாள் முழுதும் வாங்குகிற நமது கொச்சிக்கடையிலும் வெளியே கிடக்கும் செம்புக்கு இந்தக் கதிதான்.

நம் முன்னோர் இதைக் களிம்பு என்றார்கள். ஆன்மாவோடு ஆணவமலம் அநாதியாகக் கூடியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமை, செம்பும் களிம்பும்! வெளியே இருந்து வந்து ஒட்டியதாகத் தோன்றாமல் உலோகத்தோடு உடன்பிறந்ததாகவே தோன்றும் அந்தப் பச்சையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்!

இலங்கையில் செம்புக்கு ஏது இடம் என்று கேட்பீர்கள். திருகோணமலை மாவட்டத்துச் சேருவில! 1971 இல் அங்கே காந்த இரும்புத்தாதும் செப்புத்தாதும் சேர்ந்த படிவைப் புவிச்சரிதவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். அங்குள்ள செப்புத்தாது சால்கோபைரைட். பொன் மாதிரி மினுங்கும். மழையும் காற்றும் பட்டு நிலத்தின் மேற்பரப்பில் அது சிதையும்போதுதான் பச்சைக் கனியங்கள் தலைகாட்டும். ஆகவே செப்புச் சுரங்கம் தேடுவோருக்குப் பாறையில் தெரியும் பச்சைக் கறை, கீழே தாது உண்டு என்ற முதல் அறிகுறி.

இனி வருவதுதான் என்னைத் தூங்கவிடாத அதிசயம். மலக்கைட் பெரும்பாலும் மொத்தையாகவோ மயிரிழை போன்ற ஊசிக் கற்றைகளாகவோதான் வளரும். பெரிய தனிப் பளிங்கு மிக மிக அரிது. அப்படியானால் கூர்முனையும் தட்டை முகங்களும் கொண்ட பெரிய பச்சைப் பளிங்குகள் எப்படி வந்தன? அவை ஒரு காலத்தில் நீலமாக இருந்தவை! அசுரைட் என்ற ஆழ்நீலச் செப்புக் கனியம் காபனீரொட்சைட்டை இழந்து, நீரை ஏற்று, உள்ளுக்குள்ளே மலக்கைட்டாக மாறிவிடும். பொருள் மாறும், நிறம் மாறும், பழைய வடிவம் மட்டும் அப்படியே நிற்கும். நமீபியாவின் சுமெப் சுரங்கம் இதற்குப் பேர்போனது. பாதி நீலம் பாதி பச்சையாக, மாற்றத்தின் நடுவிலேயே நின்றுவிட்ட பளிங்குகளும் உண்டு!

மரகதம் என்றே ஊரை ஏமாற்றிய செப்புக் கனியம் ஒன்றும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கசகஸ்தானில் கிடைத்த பச்சைப் பளிங்குகளை மரகதம் என்றே கொண்டாடினார்கள். கீறிப் பார்த்தால் மரகதத்தின் கடினம் ஏழரைக்கு மேல், இதற்கோ ஐந்துதான். 1797 இல் பிரெஞ்சு அறிஞர் ஹௌயி இதற்கு டயோப்டேஸ் என்று தனிப்பெயர் சூட்டினார். என் கண்ணுக்கு இதன் பச்சை மரகதத்தையும் தோற்கடிக்கும்.

சரி, ஒரு மலக்கைட் துண்டு கைக்கு வந்துவிட்டது. குத்துவிளக்கைத் துலக்குகிற பழக்கத்தில் பழப்புளியோ தேசிக்காயோ கொண்டு அதைத் தொட்டுவிடாதீர்கள்! மலக்கைட் ஒரு காபனேற்று. அமிலம் பட்டதும் கரையும், மினுக்கம் ஒரேயடியாகப் போய்விடும். மென்மையான காய்ந்த தூரிகையால் தூசு தட்டினால் போதும். வைக்கும் அலுமாரியையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓக் மரமும் மலிவான சிப்போர்டும் மெல்ல மெல்ல அமில ஆவி விடும். மூடிய கண்ணாடிக்குள் அது தேங்கி நிற்கும். உலோகமும் கண்ணாடியும் சேர்ந்த தட்டு நல்லது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், பளிங்கின் முகங்கள் அப்போதுதான் உயிர் பெறும். இடமில்லையே என்ற கவலையும் வேண்டாம்: ஓர் அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கும் துண்டுகளை மட்டுமே சேர்ப்போர் உலகமெங்கும் இருக்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் ஒரு சுவர்த்தட்டில் ஒரு முழுத் தொகுப்பே குடியிருக்கலாம்!

கடைகளில் மலக்கைட் என்று விற்பவற்றில் பிளாஸ்திக்கும் உண்டு. அசல் கல் கையில் குளிரும், கனக்கும். அதன் எடை அதே அளவு நீரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. வரிகள் ஒன்றுக்கொன்று ஒரே அளவில் ஓடாது. ஆனால் அதை வீட்டில் வெட்டவோ உராயவோ வேண்டாம். செப்புத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

பச்சை எல்லாம் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். டோர்பர்னைட் என்றொரு கனியம்: சதுரத் தகடுகளாக அடுக்கிய பச்சை, பார்த்தவர் மயங்குவர். அது செம்பும் யுரேனியமும் சேர்ந்த பொஸ்பேற்று, கதிர்த்தொழிற்பாடு உடையது. இந்தியாவின் சிங்பூம் பகுதியிலும் உண்டு. படுக்கையறையிலோ பிள்ளைகள் கைபடும் இடத்திலோ அதை வைக்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறு கடதாசித் துண்டு! எந்த நாடு, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று எழுதாத பளிங்கு, எவ்வளவு அழகாயினும் சேர்ப்போரிடமும் நூதனசாலையிலும் பாதி மதிப்பைக்கூடப் பெறாது. கடதாசி தொலைந்துபோகும் என்பதால், கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்பு மையால் இலக்கம் எழுதி, அதே இலக்கத்தை ஒரு கொப்பியிலும் பதிந்துவைப்பார்கள்.