அப்பீல் போட்டால் போதுமா?

"அப்பீல் போட்டாச்சு, இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது." பாக்கி வழக்கில் தோற்றவர்கள் திருப்பூரில் இப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வது நேர்மாறானது. மேல்முறையீடு தாக்கலானதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் தனியாக மனுப் போட்டு, காரணம் காட்டி, ஈடு கொடுத்து வாங்க வேண்டும். பண வழக்கு என்றால் தொகையில் ஒரு பகுதியை முதலில் கோர்ட்டில் கட்டச் சொல்வதுதான் வழக்கம். அதைச் செய்யாதவர் வீட்டுக் கதவை, அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே அமீனா தட்டலாம்.

நிட்டிங் ஜாப் ஒர்க் செய்தவருக்கு ஒரு பனியன் கம்பெனி 2,40,000 ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மேல்முறையீட்டை மாவட்டத்துக்குள்ளேயே 30 நாளில் போட வேண்டும். தீர்ப்பு நகல் கிடைப்பதற்கு ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நகலுக்கு மனுக் கொடுக்காமல் இழுத்தடித்த நாட்கள் சேரும்.

வழக்கின் உயிர் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. டெலிவரி சலானில் இருப்பது யார் கையெழுத்து, துணியில் ஓட்டை விழுந்தது நிட்டிங் மெஷினிலா சாயப்பட்டறையிலா என்பதையெல்லாம் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி அலசலாம். விசாரணையின்போது பீரோவில் தூங்கிய சலானை இங்கே புதிதாக நீட்டினால் மட்டும் எளிதில் ஏற்கமாட்டார்கள்.

அடுத்தது உயர் நீதிமன்றம். அங்கே இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் அது உள்ளேயே நுழையும். கையெழுத்துச் சண்டைக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்குக்கு இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. திருப்பூர் மாவட்ட வழக்குகள் போவது சென்னைக்கு. பக்கத்துப் பழநிக்காரர் மதுரைக் கிளையோடு முடித்துக்கொள்ள, தாராபுரத்துக்காரர் ராத்திரி வண்டி ஏற வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். அதற்கும் மேலே டெல்லி. தனியார் பாக்கி வழக்குகளுக்கு அங்கே உரிமையாக நுழைய வழி அரிது. பெரும்பாலும் உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி வேண்டும்.

தொகை 3 லட்சத்தைத் தொட்டால் கதையே வேறு. 2018 திருத்தத்துக்குப் பின், அந்த அளவு வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வருகின்றன. அதில் அப்பீலுக்கு 60 நாள், இரண்டாம் மேல்முறையீடு இல்லை. அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவர், வழக்குப் போடுவதற்கு முன்பே சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். பதிவு பெற்ற சிறு தொழில்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி வசதியாக்க மன்றத்தில் முறையிட்டு அவர் ஜெயித்தால், அதை எதிர்க்கும் கம்பெனி 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் கோர்ட்டில் பேச முடியும். ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு இதைவிட நல்ல பிடி வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பதிவு செய்யாமலே தொழில் நடத்துபவர்கள்தான் இதை இழக்கிறார்கள்.

ஊரையே உலுக்கிய நொய்யல் வழக்கு இந்தப் படிகளில் ஏறவே இல்லை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயக்கழிவால் நிலம் கெட்டுப்போன ஆயக்கட்டுதாரர்களின் சங்கம், ரிட் மனுவோடு நேராக உயர் நீதிமன்றம் போனது. பொது நீர்நிலையும் அரசின் கடமையும் சம்பந்தப்பட்டதால் அந்த வழி திறந்தது, பில் பாக்கிக்குத் திறக்காது. 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சாயப்பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று அந்த நீதிமன்றமும் சொல்லி, கழிவை அறவே நிறுத்த மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

டெல்லியில் தோற்ற வழக்கு திரும்பச் சென்னைக்கே வந்தது. உத்தரவை நிறைவேற்றவில்லை என்ற அவமதிப்பு மனுவில், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது.