பூனையும் மிருக வைத்தியரும்

வீட்டிலே மடிமீது துயிலும் பூனை, மிருக வைத்தியரின் மேசையை அடைந்ததும் சீறுகின்றது, கீறுகின்றது. இதனைத் தீக்குணம் என்பாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என ஆராய்வாம்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப் பூனையாகும். அது தனித்து வேட்டையாடுவது. தன் எல்லையை மணத்தால் அறிந்து வாழ்வது. பெருவிலங்குகளுக்குத் தானே இரையாகவும் கூடியது. அவ்வியல்பு இன்றும் மாறிற்றில்லை. எனவே, பழகிய இடத்தினின்றும் அகற்றப்பட்ட பூனை மறைவிடம் தேடுகின்றது; அது கிட்டாதவிடத்து நகத்தைக் காட்டுகின்றது. சீற்றமாகத் தோன்றுவது உண்மையில் அச்சமேயாம்.

இவ்வச்சம் நோயறிதலுக்கும் இடையூறாகும். அச்சத்தால் அதிரீனலின் சுரக்க, இருதயத் துடிப்பும் குருதியமுக்கமும் உயர்கின்றன. குருதியிலுள்ள குளுக்கோசும் மிகுதலின், நீரிழிவற்ற பூனைக்கும் அந்நோய் உண்டோ என ஐயுற நேரும். ஆகவே அச்சந் தணித்தல் வைத்தியத்தின் ஓர் அங்கமாகும்.

அதற்கான முயற்சி வீட்டிலேயே தொடங்கல் வேண்டும். வைத்தியரிடம் செல்லும் நாளில் மாத்திரம் வெளிவரும் கூடு, பூனைக்கு ஆபத்தின் அறிகுறியாகிவிடுகின்றது. அதனை எந்நாளும் திறந்துவைத்து, பூனை படுத்த துணியை விரித்து, இடையிடையே உணவும் உள்ளே இடுதல் நன்று. இவ்வாறு கூட்டிற் பழக்கிய பூனைகள் பயணத்தில் அச்சங் குறைந்திருந்தமையை 2018 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. மேன்மூடி கழற்றத்தக்க கூடாயின், பூனையை வெளியே இழுக்காது அதனுள் இருந்தவாறே பரிசோதிக்கலாம்.

பயணத்தின்போது கூட்டை ஆட்டாது தாங்கிச் செல்லலும், துவாயால் மூடலும், காத்திருக்கையில் நாய்களின் பார்வைக்கு அப்பால் உயரத்தில் வைத்தலும் பயன்தரும். பிடரியைப் பற்றி அடக்கும் பழைய முறையை, அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கமும் சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கமும் 2022 இல் வெளியிட்ட நெறிமுறைகள் ஏற்கவில்லை. மிக அஞ்சும் பூனைக்கு, வீட்டினின்று புறப்படுமுன் கொடுத்தற்குக் கபாபென்ரின் போன்ற மருந்தை வைத்தியர் விதிப்பதுண்டு. அதன் அளவை அவரே வரையறுத்தல் வேண்டும்.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்பினது. அதன் போராட்டத்துக்கு அஞ்சி வீட்டார் வைத்தியரை நாடாது நாள் கடத்துவராயின், நோய் முற்றியபின்னரே வெளிப்படும். மூலையிலே திறந்து கிடக்கும் ஒரு கூடு அத்தாமதத்தைத் தவிர்க்க வல்லது.