வலி இல்லாதபோது எழ வேண்டிய கேள்வி

நோய் வந்தபின் மருத்துவரைத் தேடி ஓட வலியே போதும்; ஆனால் நோய் வராமல் காப்பது குறித்துக் கேட்டறிய அத்தகைய தூண்டுதல் எதுவும் உடலில் எழுவதில்லை. உயர் இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை என்பதால், 60 வயதைக் கடந்தவர்களில் பலருக்கு அவற்றைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே தோன்றாமல் போகிறது.

ஒருவர் தாமே முனைந்து செய்தி தேடுவதைத் ‘தகவல் நாடல்’ என்றும், வேறு வேலையில் இருக்கும்போது செய்தி வந்து கண்ணில் படுவதைத் ‘தகவல் எதிர்ப்பாடு’ என்றும் பிரித்துப் பார்க்கலாம். முதியோரைத் தடுப்பு மருத்துவச் செய்திகள் பெரிதும் இரண்டாம் வழியிலேயே எட்டுகின்றன: நாளிதழின் மருத்துவப் பக்கம், திண்ணைப் பேச்சு, மருந்துக்கடைக்காரரின் யோசனை, பேரப்பிள்ளை வாசித்துக் காட்டும் வாட்ஸ்அப் செய்தி. வெண்டைக்காய் ஊறிய நீர் சர்க்கரையை அடியோடு போக்கும் என்னும் செய்தியும், கண்புரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்னும் அறிவுரையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வரும்போது, சொன்னவர் யார், அது தம் உடலுக்குப் பொருந்துமா என்று எடைபோடும் திறன் தேவைப்படுகிறது; இதுவே ‘நலவாழ்வு எழுத்தறிவு’ எனப்படுகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தகவல் எதிர்ப்பாட்டுக்கும் தகவல் நாடலுக்கும் உள்ள இடைவெளியை வேறொரு வழியில் குறைக்கிறது. வீடு தேடி வரும் மகளிர் தன்னார்வலர் முதியவரின் மேற்கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தை அளக்கிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்க்கிறார். கருவியில் 140/90 என்ற வரம்பைத் தாண்டிய எண் தெரிந்தால், அதுவரை பொதுவாக இருந்த அறிவுரை சொந்தக் கவலையாகிவிடுகிறது; உப்பைக் குறைக்க வேண்டுமா, மாத்திரையை ஆயுள் முழுதும் விழுங்க வேண்டுமா என்ற கேள்விகள் அப்போதுதான் பிறக்கின்றன. தகவல் நாடல் உண்மையில் தொடங்கும் இடம் அதுவே.

ஆகவே துண்டறிக்கைகளைப் பெருக்குவதைவிட, அளவு பார்க்கும் வேளையிலேயே அதன் பொருளையும் விளக்குவது கூடுதல் பயன் தரும். முதியோரும் தம் அளவு எவ்வளவு, அது எவ்வளவு இருக்க வேண்டும், மறுமுறை எப்போது பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைப்பது நல்லது. பின்னர் எழும் ஐயங்களுக்கு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.