மறைவின்றி மொழிதல்: நற்செய்திப் பணியும் நேரிய நோக்கமும்

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, ஆலப்பாக்கத்தை அடையுமுன் செம்மங்குப்பத்தைக் கடந்து செல்லுகிறது. 2025 ஜூலை 8 அன்று காலையில் அவ்வூரின் கடவுப்பாதையில் பள்ளி வேன் ஒன்றின்மீது ரயில் மோதியதில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். அந்நாள்களில் ஊழியப் பயிற்சியில் இருந்த இறையியல் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரை பிறக்கக் காரணமாயிற்று. “ஐயா, துக்க வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொல்ல வேண்டுமென்று மனம் ஏவுகிறது. போனால், இந்த வேளையிலும் மதம் பரப்ப வந்துவிட்டான் என்பார்கள். கிறிஸ்துவின் பெயரையே எடுக்காமல் இருந்துவிட்டாலோ, நான் யார் என்பதை மறைத்துச் சென்றவன் ஆவேன். இதில் எது நேர்மை?” என்றார் அவர்.

ரோமர் 12:15-ஐ நினைவூட்டி அவரை அனுப்பினேன். விடை தவறன்று; ஆயினும் கேள்வியின் ஒரு பாதிக்கே அது விடையாகும். எஞ்சிய பாதி நம்மில் பலரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விசுவாசத்தை வெளிப்படையாய் அறிக்கையிடுவதும் நோக்கத்தில் நேர்மையாய் இருப்பதும் இருவேறு கடமைகள் என்றும், சில வேளைகளில் ஒன்றுக்கொன்று முரணானவை என்றும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். புதிய ஏற்பாடு அவற்றை அவ்விதம் பிரித்து நோக்குவதாகத் தெரியவில்லை.

சாட்சியைக் குறித்துப் பேசுமிடங்களில் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் விரும்பிக் கையாளும் கிரேக்கச் சொல் ‘பர்ரேசியா’ என்பது. ‘எல்லாம்’ என்னும் பொருளுடைய சொல்லும் ‘பேச்சு’ என்னும் பொருளுடைய சொல்லும் இணைந்து உண்டான கூட்டுச்சொல் இது. அதேனே நகரத்தில் குடியுரிமை பெற்றவன் பொதுமன்றத்தில் எழுந்து, ஒன்றையும் ஒளியாமல் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை இச்சொல் குறித்தது. நம் பழைய தமிழ்த் திருமறை இதனை மூன்று விதமாகப் பெயர்த்துள்ளது. பிரதான ஆசாரியனுக்கு முன்பாக இயேசு, தாம் அந்தரங்கத்தில் எதையும் போதிக்கவில்லை என்று கூறுமிடத்தில் (யோவான் 18:20) ‘வெளியரங்கம்’ என்றும், தம் பாடுகளைச் சீடருக்கு முன்னறிவிக்குமிடத்தில் (மாற்கு 8:32) ‘தாராளம்’ என்றும், அப்போஸ்தலர் நடபடிகளில் பெரும்பாலும் ‘தைரியம்’ என்றும் காண்கிறோம். மூன்றும் பொருத்தமான சொற்களே. ஆனால் நம் பிரசங்க மேடைகளில் நிலைத்துவிட்டது மூன்றாவது மட்டுமே. சந்தை முனையில் ஒலிபெருக்கி கட்டிப் பேசுகிறவருக்குத் தைரியம் உண்டு என்று மெச்சுகிறோம். அவரிடம் வெளியரங்கம் உண்டா என்று கேட்பதில்லை. பர்ரேசியாவின் முதற்பொருள் அஞ்சாமை அன்று, எதையும் மறைக்காமை. அஞ்சாமை அதன் விளைவாக வருவது.

மாற்கு 8:32 ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. இயேசு அங்கே தாராளமாய்ச் சொன்னது தம் புகழையன்று. தாம் பாடுபடவும் தள்ளப்படவும் கொல்லப்படவும் வேண்டும் என்பதை. தம்மைப் பின்பற்றுவதற்கு ஆகும் செலவையும் அதே மூச்சில் கூறினார். ஆள் சேர்க்க விரும்புகிறவர் பொதுவாக முதலில் மறைப்பது இதைத்தான்.

பவுல் இதனை வேறொரு உவமையால் விளக்குகிறார். 2 கொரிந்தியர் 2:17-இல் நம் மொழிபெயர்ப்பு ‘கலப்பு’ என்று குறிக்கும் வினை, சில்லறை வணிகரின் தொழிலிலிருந்து எடுக்கப்பட்டது. ஏசாயா 1:22-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில், திராட்சரசத்தில் தண்ணீர் கலப்பவர்களுக்கு இதே இனத்தைச் சேர்ந்த பெயர் வழங்கப்பட்டிருக்கிறது. பாலில் தண்ணீர் கலப்பதை அறிந்த நம் ஊராருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. அப்படியாயின் பிலிப்பியர் 1:18-இல், வஞ்சகத்தினாலாவது உண்மையினாலாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் மகிழ்வது எவ்வாறு என்று சிலர் வினவலாம். அங்கே அவர் சிறையிலிருந்துகொண்டு, தமக்கு நோவுண்டாக்க நினைக்கும் போட்டியாளரைக் குறித்து, தம் சொந்தக் காயத்தைப் பொருட்படுத்தாமல் பேசுகிறார். போலி நோக்கத்துக்கு அங்கு அவர் வழங்கும் சொல்லையே 1 தெசலோனிக்கேயர் 2:5-இல் எடுத்து, அத்தகைய மாய்மாலம் தம்மிடம் ஒருபோதும் இருந்ததில்லை என்று தேவனையே சாட்சி வைக்கிறார். பிறருடைய வஞ்சகத்தைத் தேவன் பயன்படுத்தக்கூடும் என்பது, நாம் வஞ்சிக்கலாம் என்பதற்கு உரிமைச் சீட்டாகாது.

கடலூருக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புதுச்சேரி இதற்கு ஒரு சான்று தருகிறது. 18-ஆம் நூற்றாண்டில் ‘எசூர் வேதம்’ என்னும் பெயருடைய பிரெஞ்சு நூல் ஒன்று ஐரோப்பாவை எட்டியது. பண்டைய வேதத்தின் மொழிபெயர்ப்பு என்று அது வழங்கப்பட்டது. உள்ளடக்கமோ உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை நாட்டும் உரையாடல். 1760-இல் அதன் கையெழுத்துப்படியைப் பெற்ற வால்டேர் அதனை மெய்யென்றே நம்பி, மோசேயின் நூல்களைவிடப் பழமையான தூய சமயம் இந்தியாவில் இருந்தது என்பதற்குச் சான்றாகக் காட்டி, திருச்சபையைத் தாக்கினார். 1778-இல் அது அச்சேறியது. 1822-இல் வெளியான எல்லிஸ் துரையின் ஆய்வு, புதுச்சேரியில் இருந்த இத்தகைய கையெழுத்துப்படிகள் மிஷனரிகளின் ஆக்கமே என்பதை எடுத்துக்காட்டிற்று. எழுதியவர் இன்னார் என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. கத்தோலிக்கச் சகோதரரைக் குறைகூற இதனை நான் நினைவூட்டவில்லை. நம்முடைய கைகளும் தூய்மையானவையல்ல. பிறரைத் தம்மிடம் சேர்க்கப் புனையப்பட்ட வேடம், தம்மவரையே தாக்கும் படைக்கலமாயிற்று என்பதே குறிக்கத்தக்கது.

செம்மங்குப்பத்திலிருந்து அதே இருப்புப்பாதையில் தெற்கே சென்றால் பரங்கிப்பேட்டையை அடையலாம். இதற்கு நேர் மாறான ஒரு வாழ்வை அவ்வூரில் காண்கிறோம். டென்மார்க்கைச் சேர்ந்த அன்னா மேரி பீட்டர்சன் அம்மையார் 1909-இல் டேனிஷ் மிஷன் சங்கத்தின் பணியாளராகத் தமிழகம் வந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அச்சங்கத்தின் உழைப்பிலிருந்து தோன்றியது என்பதை நாம் அறிவோம். 1917-இல் அவரும் எஸ்தர் பேரிங் என்னும் இளைய பணியாளரும் சபர்மதிக்குச் சென்று காந்தியடிகளைக் கண்டனர். அச்சந்திப்பு இருவர் வாழ்வையும் திருப்பிவிட்டது. அயல்நாட்டு மிஷனரிகள் ஆட்சியாளருக்கு முரணாக எதுவும் செய்யலாகாது என்று அரசு எதிர்பார்த்த காலம் அது. இருவரும் அடுத்தடுத்து மிஷன் சங்கத்தை விட்டு விலகினர்.

1920-இல் பீட்டர்சன் அம்மையார் காந்தியடிகளுக்கு எழுதிய மடல் ‘யங் இந்தியா’ இதழில் வெளியாயிற்று. அரசின் பிடிக்கு வெளியே நிற்கும் தேசியக் கல்வியைத் தாம் ஆதரிப்பதையும், இந்தியாவின் பாதத்தில் தம்மையே வைத்துவிட்டதையும் அதில் கூறுகிறார். அதனோடு நில்லாமல், கிறிஸ்துவிலேயே தம் உறைவிடம் உள்ளது என்றும், சிலுவையில் அறையுண்ட அந்த மீட்பரைத் தாம் பழகும் மக்களுக்கு வெளிப்படுத்துவதன்றித் தமக்கு வேறு விருப்பமில்லை என்றும் அதே மடலில் எழுதிவிடுகிறார். மதமாற்றத்தைப் பற்றிக் காந்தியடிகளுக்கு இருந்த ஐயங்கள் யாவரும் அறிந்தவை. அவருடைய ஆதரவை நாடும் ஒருவர் இவ்வாக்கியத்தைத் தவிர்த்திருந்தால் யாரும் குறை கண்டிருக்கமாட்டார். அம்மையார் தவிர்க்கவில்லை. காந்தியடிகளும் அதை நீக்காமல் அச்சிட்டார். 1921 செப்டம்பரில் பரங்கிப்பேட்டைக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கான ‘சேவா மந்திர்’ பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார்.

அம்மையார் இரு திசையிலும் இழப்பை ஏற்றார் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். காந்தியத்தை மிஷனிடமிருந்து மறைத்திருந்தால் ஊதியமும் பாதுகாப்பும் நிலைத்திருக்கும். கிறிஸ்துவைக் காந்தியடிகளிடமிருந்து மறைத்திருந்தால் தேசிய வட்டாரத்தில் வரவேற்பு எளிதாகியிருக்கும். சக ஊழியர் சிலர் அவர் அரசியலில் வழுவிவிட்டதாகவே கருதினர். அக்கருத்தில் ஒரு சிறிதும் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. 1931-இல் காந்தியடிகள், மருத்துவத்தையும் கல்வியையும் மதமாற்றக் கருவியாக்கும் மிஷனரிகளைக் கண்டித்து எழுதிய பின்னரும், பரங்கிப்பேட்டையோடு அவர் கொண்ட நட்பு அறுந்துவிடவில்லை. அம்மையார் 1951 வரை வாழ்ந்து அங்கேயே மறைந்தார்.

நாட்டின் சட்டத்தைச் சுருக்கமாகக் குறித்து மேலே செல்வோம். 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில், சமயத்தைப் ‘பரப்பும்’ உரிமை வேண்டுமா என்ற விவாதம் எழுந்தபோது, அச்சொல் நிலைக்க வேண்டுமென்று வாதாடியவருள் டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் பயின்றும், தம்மை மதம் மாற்ற எவரும் முயலவில்லை என்று அவர் சான்று பகர்ந்தார். நம் பள்ளிகளின் நேர்மைக்குப் பிற சமயத்தவர் ஒருவர் தந்த அந்நற்சான்றே 25-ஆம் பிரிவின் பின்னணியில் நிற்கிறது. 1977-இல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் கைவிடப்பட்டது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், வலுக்கட்டாயம், ஆசைகாட்டுதல், வஞ்சகம் ஆகிய மூன்றையும் விலக்கும் கடமை நமக்கு 2 கொரிந்தியர் 4:2-லேயே விதிக்கப்பட்டுள்ளது.

ஆசைகாட்டுதல் என்பது கற்பனையான குற்றச்சாட்டன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக் கரை வரை, உதவி ஏந்தி வந்தவர்களில் நம்மவரும் பலர். அவர்களில் மிகப்பலர் வேறுபாடு பாராமல் உழைத்தனர். ஆயினும் அரிசி மூட்டையோடு கைப்பிரதியைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற கேள்வி பல குழுக்களில் எழுந்தது. உதவியைச் சமய நோக்கத்துக்குக் கருவியாக்கலாகாது என்று 1994-இலேயே செஞ்சிலுவை இயக்கமும் துயர்துடைப்பு நிறுவனங்களும் நடத்தை நெறி வகுத்திருந்தன. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும் உலக நற்செய்தி ஐக்கியமும் கூடி வெளியிட்ட ஆவணம், வறுமையைப் பயன்படுத்தும் சாட்சி நற்செய்தியையே காட்டிக்கொடுக்கும் எனக் கூறுகிறது. மூன்று பெரும் பிரிவினரும் சாட்சியின் நெறிகளைக் குறித்து ஒரே ஆவணத்தில் இணைந்தது அதுவே முதன்முறை.

இதுவரை சொல்லியவை பெரும்பாலும் பிறருக்கு முன்பாக நாம் காக்கவேண்டிய நேர்மை. நம்மிடமே வந்து சேருகிறவர்களிடத்தில் நாம் எல்லாவற்றையும் சொல்லுகிறோமா என்பதே எனக்கு அதிகக் கவலை தருவது. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவருக்கு அத்தகுதியை மறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிற்கின்றனர். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், தம் தொழிலைச் செய்யும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடை தமக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். புதிய சமயத்திலும் அதே கடுமையோடு சாதிக்கொடுமை தொடருகிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சான்று நம் கல்லறைத் தோட்டங்களிலேயே கிடந்தது! தனித்தனிச் சுவர்களை எழுப்பிய நாம் அதை வெளியே சொல்ல வெட்கினோம். சாதியைச் சகியாமல் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறிய கார்ல் ஆக்ஸ் ஐயர் 1860-களின் தொடக்கத்தில் பணியை நிறுவிய மேல்பட்டாம்பாக்கம், இக்கடலூர் வட்டாரத்திலேதான் இருக்கிறது.

இந்நிலையில் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வந்து நற்கருணை பெற்று, பள்ளிச் சான்றிதழில் இந்து என்று எழுதும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. ஆயர்கள் அறிவர், பேசமாட்டார்கள். 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராய் வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என உரிமை கோருவது அரசியல் சாசனத்தின்மீது இழைக்கும் மோசடி என்று கூறியது. அத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏழைத் தாய் ஒருத்தியைப் பொய்யள் என்று கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சமயத்தைத் தெரிந்துகொண்டதற்காக ஒருவரின் வரலாற்றுக் காயத்தையே இல்லை என்று சொல்லும் ஆணைதான் முதற்பொய்யை உரைக்கிறது. அதை எதிர்த்துத் திருச்சபை மன்றாடுவது நியாயம். ஆனால் திருமுழுக்கு வகுப்பில் ஒரு வார்த்தையும் கூறாமல், பெயர்ப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடினால் போதுமென்று இருந்துவிட்டு, பின்னர் அக்குடும்பம் மறைந்து வாழ நேரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆயரின் செயல் மாற்கு 8:32-க்கு முற்றிலும் எதிரானது. ஞானோபதேச வினாவிடையோடு 1950-ஆம் ஆண்டு ஆணையையும் அவர் மேசைமேல் வைத்து விளக்க வேண்டும். தமிழகத்தில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராகிறவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார் என்பதையும், அதனால் கூடுவது எது, குறைவது எது என்பதையும் சொல்ல வேண்டும். நம் சபையிலே சாதி இன்னும் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் ஒளிக்காமல் கூற வேண்டும். கேட்டவர் ஆறு மாதம் யோசித்து வருகிறேன் என்றால், ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அவர் வராமலே போய்விட்டாலும், அவர் வீட்டு நோயாளியைச் சந்திப்பதை நிறுத்தலாகாது.

அந்த மாணவருக்கு இப்பொழுது சற்று விரிவாக விடை கூறியிருக்கிறேன். துக்க வீட்டின் வாசலிலேயே தம் பெயரையும், தாம் இறையியல் மாணவர் என்பதையும், எந்தச் சபையிலிருந்து வருகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே அழைத்தால் செல்லலாம். அழைக்காவிட்டால் வணங்கித் திரும்பலாம். பையில் கைப்பிரதி இருக்குமாயின் அதை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போகட்டும். ஜெபிக்கச் சொன்னால் ஜெபிக்கலாம். சொல்லாவிடில், திரும்பும் வழியில் ஜெபிக்கலாம். ஏன் வந்தீர்கள் என்று யாரேனும் கேட்டால், கிறிஸ்து அனுப்பினார் என்று தயங்காமல் சொல்லட்டும். பிறகு, செய்தியாளரும் அதிகாரிகளும் வந்து போய் ஊர் அடங்கிய மூன்றாம் மாதத்திலும் ஒருமுறை செல்லட்டும்.