மழை மலையில் உலர் உணவு: இயந்திரம் வாங்குமுன் அறிய வேண்டியவை

இலங்கையில் மழை மிகுந்த ஊர்களைக் கணக்கிடுவோர் எவரும் வட்டவளையின் பெயரை விட்டுவிட முடியாது. நாவலப்பிட்டியிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் ரயில் பாதையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் மேலே, தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மேகங்களை எதிர்கொண்டு நிற்கும் மலைச்சரிவில் அமைந்த இவ்வூரில், வருஷமொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. யாழ்ப்பாணத்து மழையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. வைகாசி பிறந்துவிட்டால் துவைத்த துணி உலர்வதே அரிதாகிவிடும் இவ்விடத்தை முன்னிறுத்தி, மலைப் பிரயாணத்துக்கான ஆகாரத்தை வீட்டிலேயே உலர்த்தும் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், ஈரம் நிறைந்த ஒரு பொருளைக் காற்றையும் உஷ்ணத்தையும் கொண்டு கெடாமல் உலர்த்தி எடுக்கும் வித்தையை இத்தீவில் நாள்தோறும் தொழிலாகவே செய்துவருவோர் தேயிலைத் தோட்டத்து ஆலைகளில் உழைக்கும் மக்களே ஆதலால், இவ்வியந்திரத்தின் நன்மை தீமைகளை ஆராய இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் வரும் உந்துவப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரையில் சிவனொளிபாத யாத்திரை நடைபெறும் காலத்தில், நல்லதண்ணி வழியில் படிக்குப் படி தேநீரும் ரொட்டியும் கிடைக்கும். பருவம் முடிந்தபின் அக்கடைகள் பெரும்பாலும் அடைபட்டுப்போக, ஏறுவோர் தம் உணவைத் தாமே சுமக்க வேண்டியிருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் கூடாரமடித்துத் தங்குவோருக்கும், நக்கிள்ஸ் காட்டில் நடப்போருக்கும் அதே நிலைதான். இப்பொழுது, கண்டிக்கு அணித்தேயுள்ள ஹந்தானையில் தொடங்கி, தேயிலை மலைகளினூடே 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் வளைந்து சென்று நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைபாதை திறக்கப்பட்டபின், நம் தோட்டத்து இளைஞர் பலர் நடைப் பிரயாணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் போகின்றனர். அவர்கள் முதுகுப் பையைத் திறந்து பார்த்தால் உடனடி நூடில்ஸும் கிரீம் பிஸ்கட்டுமே இருக்கக் காண்கிறோம். நாள் முழுவதும் மலையேறும் உடம்புக்கு இது போதாது. பருப்பும் சோறும் மரக்கறியும் உண்டு வளர்ந்த நம்மவர், மலையிலும் அதையே உண்ண வழி இருக்கையில் அதை விடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

உலர் உணவு நமக்குப் புதியதுமன்று. அவித்துக் காயவைத்த புழுக்கொடியலை வடக்கிலிருந்து உறவினர் அனுப்ப, நாம் வாயிலிட்டு மென்றிருக்கிறோம். சிங்களக் கிராமத்தார் பலாச்சுளையை அவித்து உலர்த்தி அட்டுக்கொஸ் செய்து பஞ்ச காலத்துக்கு வைத்தனர். மோர்மிளகாயும் வற்றலும் நெத்தலிக் கருவாடும் இல்லாத வீடில்லை. இவையெல்லாம் சூரியனை நம்பிய முறைகள். சூரியன் மாதக்கணக்கில் முகங்காட்டாத மேற்குச் சரிவிலோ, பாயில் பரப்பிய கரட் இரண்டாம் நாளே புளித்து, மூன்றாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி வைத்தால் உலரும். ஆனால் பருப்பும் சோறும் புகை நாற்றத்தை ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே ஆலைக்குப் போவோம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டுத் தம் பங்களா வராந்தாவிலே கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின்மேல் காய்ச்சிய காலத்தில், நெருப்புக்கு நேர் மேலேதான் இலை இருந்தது. கச்சார் தோட்டங்களில் தொழில் பயின்று திரும்பி, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் தொழிற்சாலை நிறுவிய சாமுவேல் டேவிட்சன், சிரொக்கோ என்னும் பாலைவனக் காற்றின் பெயரைத் தம் இயந்திரத்துக்கு இட்டார். இலையை உலர்த்துவது நெருப்பு அன்று, சூடேறி ஓடும் காற்றே என்ற உண்மை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. இன்றும் நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஆலைக்குள் போனால் ஏறத்தாழ 22 கிலோ தேயிலையே வெளிவருகிறது; மீதி அவ்வளவும் ஆவியாய்ப் போன நீர். மழைக்காலத்தில் வாட்டும் தொட்டிகளுக்கு வெறுங்காற்றை அனுப்பாது, சூடான காற்றைக் கலந்து அனுப்புவார்கள். அதன் காரணம் எளிய கணக்கு. 20 பாகை செல்சியஸில், 90 சதவீத ஈரப்பதத்தோடு நிற்கும் வட்டவளைக் காற்றை 57 பாகைக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 12 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. காற்றில் இருந்த நீர் குறையவில்லை. காற்றின் தாகம்தான் பெருகியது. வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் வீட்டு உலர்த்தி வேலை செய்வது இதனாலேதான்.

இதனோடு ஒட்டிய ஒரு சூட்சுமத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ கரட்டில் 880 கிராம் அளவுக்கு நீர் இருக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி உள்ள ஒரு லயத்து அறையின் காற்று முழுவதும் சேர்ந்தாலும், 20 பாகையில் அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஆவியையே தாங்கும். கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு இயந்திரத்தை ஓட்டினால், அது கக்கிய ஈரத்தையே திரும்ப உறிஞ்சும், சுவரெல்லாம் வியர்க்கும். மழை வெளியே கொட்டினாலும் சன்னலைச் சிறிது திறந்தே வைக்க வேண்டும்.

இனி இயந்திரங்களைப் பார்ப்போம். கடையில் கிடைப்பவை பிரதானமாக இரு வகை. ஒன்று, வட்டத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலோ உச்சியிலோ விசிறியும் சூடேற்றியும் வைத்தது. மற்றது, பெட்டி வடிவாய், பின்புறச் சுவரில் விசிறி அமைந்து, எல்லாத் தட்டுகளுக்கும் குறுக்காகக் காற்று ஓடுவது. ஆலையில் பழைய சங்கிலி உலர்த்தியைக் கண்டவர்க்கு இவ்விரண்டின் வேற்றுமை உடனே விளங்கும். அங்கே ஈரத் தேயிலை உச்சித் தட்டில் விழுந்து, சங்கிலி சுழலச் சுழலக் கீழ்த் தட்டுகளுக்கு இறங்கி வர, அடியிலிருந்து ஏறும் காற்று மிகக் காய்ந்த இலையை முதலிலும் மிக ஈரமான இலையைக் கடைசியிலும் தொடுகிறது. அடுக்குத் தட்டு உலர்த்தியில் காற்று உண்டு, சங்கிலி இல்லை. விசிறிக்கு அணித்தான தட்டு காய்ந்து சருகாகையில் தூரத்துத் தட்டு ஈரமாகவே கிடக்கும். இரண்டு மணிக்கு ஒரு தடவை நாமே தட்டுகளை இடம் மாற்ற வேண்டும், இரவிலும். பகல் முழுவதும் மலையில் கொழுந்தெடுத்து வரும் ஒரு பெண்ணை இரவிலும் விழித்திருக்கச் செய்யும் இயந்திரம் மலிவானதென்று நான் சொல்ல மாட்டேன். விலை கூடினும் பெட்டி வகையே மேல். வட்டத் தட்டின் நடுவில் காற்றுக்காக விட்ட துவாரத்தால் வீணாகும் இடமும் பெட்டியில் இல்லை.

அடுத்தது உஷ்ணக் கட்டுப்பாடு. இயக்கவும் நிறுத்தவும் மாத்திரம் ஒரு பொத்தான் உள்ள இயந்திரத்தை இனாமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். ஏறத்தாழ 35 பாகை தொடங்கி 70 பாகைக்கு மேல் வரையில் வேண்டிய அளவில் நிறுத்தக்கூடியதாக இருத்தல் அவசியம். கறிவேப்பிலைக்கு 35 முதல் 40 பாகை போதும், மரக்கறிக்கு 52 முதல் 57, பழத்துக்கு 57, இறைச்சிக்கு 70ஐ ஒட்டி. தேயிலை காய்ச்சுவோர் அஞ்சும் தோஷங்கள் இரண்டு. உலர்த்தியை விட்டு வெளியேறும் காற்றில் சூடு குறைந்தால் இலை தன் ஈரத்திலேயே வெந்து சுவை மங்கும். சூடு மிகுந்தால் மேற்புறம் உடனே இறுகி உள்ளே ஈரம் அடைபட்டு, அத்தேயிலை பெட்டியில் கெடும். வீட்டு உலர்த்தியிலும் இவ்விரண்டே தோஷங்கள். சீக்கிரம் முடியட்டுமென்று மரக்கறியை 70 பாகையில் வைத்தால் துண்டு கல்லைப்போலக் காய்ந்ததாகக் கைக்குத் தோன்றும். பத்து நாளில் நடுவிலிருந்து பூஞ்சணம் புறப்படும். பொறுமையாக எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுவதே முறை.

மின்சாரத்தைப் பற்றி அஞ்சுவோர் உண்டு. 500 வாட் இயந்திரம் பத்து மணி நேரம் ஓயாது எரிந்தால் ஐந்து அலகு ஆகும். வேண்டிய சூடு ஏறியதும் தானே நின்று நின்று எரிவதால் உண்மையில் அதனிலும் குறையும். ஆனால் நம் நாட்டில் மாதப் பாவனை ஏற ஏற அலகின் விலையும் படிப்படியாய் ஏறுகிறதாகையால், 60 அலகுக்குள் அடங்கி வாழும் குடும்பம் மாதத்தில் எட்டுத் தடவை உலர்த்தினால் பட்டியலில் அது நன்றாகவே தெரியும். தட்டுகளை நிறைத்து, தடவைகளைக் குறைப்பதே சிக்கனம். பழைய லயங்களின் கம்பிகள் பெருஞ்சுமை தாங்கா. அதே இணைப்பில் நீர் கொதிக்கும் கேத்தலையோ இஸ்திரிப்பெட்டியையோ மாட்டலாகாது.

கனடாவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் இயந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது 120 வோல்ட்டுக்கு உரியது, நம்முடையதோ 230. நேரே மாட்டினால் அக்கணமே எரிந்துபோகும். மின்மாற்றி வைத்தாலும், 600 வாட் இயந்திரத்துக்குக் கனத்த மின்மாற்றி வேண்டியிருக்கும். அங்கத்து 60 சுழற்சிக்கு அமைந்த விசிறி மோட்டார் இங்கத்து 50 சுழற்சியில் பெரும்பாலும் மெதுவாகவே சுற்றும். காற்றுக் குறைந்தால் உலர்த்தியின் உயிரே குறைந்தது. இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ வாங்கியதாயின் இத்தொல்லை இல்லை.

எதை உலர்த்தலாம்? நுவரெலியா மரக்கறி எல்லாம் இதற்கென்றே விளைந்ததைப் போன்றது. லீக்ஸ் மெல்லிய வளையங்களாக அரிந்தால் இரவுக்குள் சலசலவென்று காய்ந்துவிடும். கரட், போஞ்சி, கோவா ஆகியவற்றைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் நிறமும் மணமும் நிற்பதோடு, மலையில் விரைவில் ஊறும். வெந்த சோற்றையும் மசித்த பருப்பையும், துவாரத் தட்டின்மேல் சமையல் தாளோ சிலிக்கன் விரிப்போ போட்டு மெல்லிதாய்ப் பரப்ப வேண்டும். சோறு வெந்தபின் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் நச்சுக் கிருமி பெருகும், பிற்பாடு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது, ஆதலால் ஆறியவுடனே தட்டுக்குப் போகட்டும். கொழுப்பு உலராது. தேங்காய்ப்பால் விட்ட கறியும் சம்பலும் சில வாரத்தில் காறும். கறியைப் பாலின்றி ஆக்கி உலர்த்தி, கடையில் விற்கும் தேங்காய்ப்பால் தூளைப் பொதியில் தனியே சேர்ப்பதே நல்லது. மாட்டிறைச்சியாயின் 71 பாகைக்கும் கோழியாயின் 74 பாகைக்கும் உட்புறம் சூடேற முதலில் சமைத்த பின்னரே உலர்த்த வேண்டும். ஈர இறைச்சி ஆவியாகும்போது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதால், இயந்திரத்தின் சூட்டை மாத்திரம் நம்பினால் கிருமி பிழைத்துவிடும். கோழித் துண்டு உலர்ந்தால் சரளைக்கல்லாகும், கொத்திய இறைச்சியே ஊறும். இந்தச் சிரமம் வேண்டாதவர்க்கு, ஏற்கெனவே உலர்ந்த பதார்த்தமாகிய சோயா மீட் இருக்கிறது.

உலர்த்துவதினும் கடினம், உலர்ந்ததைக் காப்பது. இங்கே காற்றே பகை. தட்டை வெளியே எடுத்து ஊர்க்கதை பேசி வருவதற்குள் லீக்ஸ் துவண்டுவிடும். சூடு தணிந்தவுடன் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். போத்தலின் உட்புறத்தில் பனி படிந்தால் மீண்டும் இயந்திரத்துக்கு. கரட் வளையாமல் ஒடிந்தால் பதம். பழம் தோலைப்போல் வளைந்து, பிழிந்தால் ஈரம் கசியாதிருந்தால் பதம்.

ஒருவேளைக்கு, உலர்ந்த சோறு 80 கிராம், பருப்பு 40, மரக்கறி 15, தேங்காய்ப்பால் தூள் 20, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் அளவாக. எல்லாம் சேர்ந்து 160 கிராமுக்கு உட்பட்ட பொதி. ஹோட்டன் சமவெளியின் 2,100 மீற்றர் உயரத்தில் நீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால், அங்கே பச்சையரிசியைப் பொங்க நேரமும் எரிபொருளும் வீணாகும். முன்பே வெந்து உலர்ந்த சோற்றுக்கோ 350 மில்லிலீற்றர் வெந்நீரும், மூடிய பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கும் இருபது நிமிஷமுமே வேண்டும். பொதியின்மேல் உலர்த்திய திகதியையும் நீரின் அளவையும் எழுதி ஒட்டுக. முதற்பொதியை மலைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே ஊறவைத்து உண்டு பார்த்து, உப்பும் நீரும் திருத்தியபின் மற்றவற்றை அடைத்துக்கொள்க.